தொங்கு நாடாளுமன்றம் அமைந்தால் கணக்குப் போடுவது எப்படி?

வாக்கு எண்ணிக்கை முடிந்த இரவில் தொலைக்காட்சிகள் தனிப்பெரும் கட்சி எது என்பதையே திரும்பத் திரும்பக் காட்டும். மக்களவையில் எவருக்கும் பெரும்பான்மை கிட்டாத வேளையில், அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் அடுத்து நடப்பது எதுவும் விளங்காது. ஒரு தாளை எடுத்து மூன்று கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்: தேர்தலுக்கு முன்பே கூட்டணி கண்ட கட்சிகள், முடிவு வந்த பின் ஆதரவு தருபவை, இன்னும் வாய் திறக்காதவை.

மொத்தம் 543 இடங்கள். பெரும்பான்மைக்கு 272 வேண்டும். முதல் கட்டத்திலேயே அது தேறிவிட்டால் பெரிய சிக்கல் இல்லை. 2024இல் பாஜக 240 இடங்களோடு நின்றுவிட்டாலும் கூட்டணியாக 293 இடங்கள் இருந்தன.

தேறாவிட்டால் ஆதரவுக் கடிதங்களைக் கவனியுங்கள். பிரதமரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார் என்று கூறும் அரசியலமைப்பின் 75ஆவது பிரிவு, யாரை முதலில் அழைக்க வேண்டும் என்று கூறுவதில்லை. ஆகவே நடைமுறை ஆளுக்கு ஆள் மாறியிருக்கிறது. 1996இல் சங்கர் தயாள் சர்மா, 161 இடங்கள் பெற்ற பாஜகவைத் தனிப்பெரும் கட்சி என்ற முறையில் அழைத்தார். வாஜ்பாய் அரசு 13 நாள்களில், வாக்கெடுப்புக்கு முன்பே பதவி விலகியது. 1998இல் கே.ஆர். நாராயணன் ஆதரவுக் கடிதங்களைக் கேட்டுப் பெற்ற பிறகே வாஜ்பாயை அழைத்தார்; அதிமுகவின் கடிதம் வந்து சேரத் தாமதமான அந்தச் சில நாள்கள் தில்லியின் கண்ணெல்லாம் போயஸ் தோட்டத்தின் மீதுதான் இருந்தது.

கடிதத்தின் வாசகமும் முக்கியம். அமைச்சரவையில் சேரும் கட்சிக்கும், வெளியிலிருந்து ஆதரவு தரும் கட்சிக்கும் வெவ்வேறு குறியிடுங்கள். பின்னதை நான் அரை எண்ணாகவே மதிப்பேன். வி.பி. சிங் அரசுக்கு வெளியிலிருந்து கை கொடுத்த பாஜக 1990இல் கையை எடுத்துக்கொண்டதும் அவ்வரசு நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்றது.

கடைசியாக, அவையில் 272 என்பதே மாறக்கூடும் என்பதை மறந்துவிடாதீர்கள். வந்திருந்து வாக்களிப்போரில் பெரும்பான்மை கிடைத்தால் போதும் என்பதால், வராமலிருப்பவரும் ஒரு வகையில் உதவுகிறார். 2008 ஜூலை 22 அன்று மன்மோகன் சிங் அரசுக்கு ஆதரவாக 275 பேரும் எதிராக 256 பேரும் வாக்களித்தனர்; ஆக மொத்தம் 531 பேர் என்பதால் அன்றைய தேவை 266தான். எனவே, வாக்களிக்காமல் ஒதுங்குவோருக்கும் தாளின் ஓரத்தில் இடம் விடுங்கள்.

அரசு பதவியேற்றதும் தாளைக் கிழித்துவிட வேண்டாம். 1998இல் தாமதமாகக் கடிதம் தந்த அதே அதிமுக ஆதரவை விலக்கிக்கொள்ள, 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று ஒரே வாக்கில் கவிழ்ந்தது.