பெட்டிக்குள் ஒரு வேற்று வண்டி

மூன்று தண்டவாள ஹார்ன்பி டப்லோ பொம்மைச் சரக்கு ரயில் செட் ஒன்று வாங்கினேன். லிவர்பூலின் மெக்கானோ நிறுவனம் 1938-இல் கொண்டுவந்த வரிசை அது. விற்றவர் எல்லாம் அசல் என்றார். ஆனால் கடைசியில் மாட்டும் பிரேக் வேன் மட்டும் அட்டைப் பெட்டியில் அதற்கான பள்ளத்தில் லொடலொடவென்று ஆடியது.

எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தேன். மற்ற வண்டிகளுக்கு உலோகச் சக்கரம், இதற்குக் கறுப்பு பிளாஸ்டிக். மூன்று தண்டவாள முறையில் மின்சாரம் நடுத் தண்டவாளத்தில் வரும். ஓரத் தண்டவாளங்கள் இரண்டும் ஒரே முனைதான். அதனால் உலோகச் சக்கரம் ஓடினாலும் ஷார்ட் ஆகாது. 1959-இல் இரண்டு தண்டவாள முறை வந்தபோதுதான் மின்சாரம் கடத்தாத சக்கரம் கட்டாயமாயிற்று. சரி, சக்கரத்தை மட்டும் யாராவது மாற்றியிருக்கலாமே என்று விரல் நகத்தால் பக்கவாட்டில் தட்டினேன். தகரத்தின் கணீர் ஒலி இல்லை. கூண்டும் பிளாஸ்டிக்தான்!

அப்புறம் தகர உடல் கொண்ட பிரேக் வேனைத் தேட இரண்டு மாதம் ஆனது. இந்த முறை அடிப்பக்கம், சக்கரம், இணைப்புக் கொக்கி மூன்றுக்கும் படம் கேட்டு, என்னிடம் உள்ள வண்டிகளோடு ஒப்பிட்ட பிறகே பணம் அனுப்பினேன். வந்த வண்டி அந்தப் பள்ளத்தில் அசையாமல் உட்கார்ந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.