சூடேறினால் பூட்டிக்கொள்ளும் முன் பிறேக்

என்னுடையது பழைய 150 சிசி மோட்டார் சைக்கிள். காலையில் முன்சில்லு லேசாகச் சுழலும். பரந்தனில் திரும்பி முல்லைத்தீவு வீதியில் தருமபுரம் தாண்டுவதற்குள் பிறேக் தானாகப் பிடித்து வண்டி இழுபடத் தொடங்கும். புதுக்குடியிருப்புக்குக் கிட்டப் போனால் லீவர் கல்லாக இறுகிவிடும், டிஸ்க் கொதிக்கும். நிழலில் கொஞ்சநேரம் விட்டால் தானாக இளகும்.

பிறேக் பாட் மாற்றினேன். பாட்டை டிஸ்க்கில் அழுத்தும் கலிப்பரைக் கழற்றிச் செம்மண் படிந்த பிஸ்டனைத் துடைத்து, சீலும் புதிதாகப் போட்டேன். பயனில்லை. பிறேக் ஒயில் போகும் ஹோஸ் உள்ளே வீங்கியிருக்கும், மாற்று என்றார் கராச் அண்ணை.

காசைக் கொட்ட முதல் ஒரு சோதனை. சில்லு பூட்டி நிற்கும்போதே, மேலே லீவரோடு இருக்கும் மாஸ்டர் சிலிண்டரில் ஹோஸ் பூட்டியிருக்கும் போல்ட்டைத் துணி சுற்றித் தளர்த்தினேன். ஒயில் சீறியது, சில்லு விட்டது. ஹோஸ் அடைத்திருந்தால் விட்டிருக்காது. கோளாறு மேலேதான்.

மாஸ்டர் சிலிண்டரின் ஒயில் தொட்டியின் அடியில் இரண்டு துளைகள். பெரியது கண்ணுக்குத் தெரியும். மற்றது ஊசிமுனையளவு, ரோர்ச் அடித்துத்தான் கண்டேன். சூட்டில் விரியும் ஒயில் தொட்டிக்குத் திரும்பும் வழி அதுதான். பழைய ஒயில் களியாகி அதை மூடியிருந்தது. வயரிலிருந்து ஒற்றைச் செம்புநார் உருவிக் குத்தினேன். இரும்பு ஊசி வேண்டாம், துளையின் விளிம்பு பிசிறினால் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பரைக் கிழிக்கும்.

புது டொட் 4 பிறேக் ஒயில் விட்டு, ஹோஸுக்குள் இருந்த காற்றை வெளியே எடுத்தேன். துளை திறந்ததற்கு அடையாளம்: மூடியில்லாமல் லீவரை மெல்ல இழுத்தால் ஒயிலில் சின்னதாய் ஒரு ஊற்றுக் கிளம்பும். முகத்தைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். பெற்றோல் டாங்கில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள், பெயின்ற் உரியும்.