இணையவழி வகுப்பு: பள்ளிகள் திருத்திக்கொள்ள வேண்டியவை

2020 மார்ச்சில் பள்ளிகளைப் பூட்டியபோது வேறு வழியில்லாமல் வந்தது இணையவழி வகுப்பு. பள்ளி திறந்த பிறகும் அது போகவில்லை. மழை விடுமுறை என்றால் வகுப்புக்கான லிங்க் வந்துவிடுகிறது, வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வருகிறது. கூடவே பழைய தவறுகளும் வருகின்றன.

எட்டு பீரியடையும் அப்படியே திரைக்கு மாற்றுவது முதல் தவறு. 2020 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட ‘பிரக்யதா’ வழிகாட்டுதலே, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு 30 முதல் 45 நிமிட அமர்வு இரண்டு போதும் என்றது. அதற்கு மேல் உள்ள வகுப்புகளுக்கு நான்கு. இன்றும் அதுவே சரியான அளவு என்பேன்.

இதைவிடப் பெரிய தவறு, வீட்டில் இருக்கும் போன் பிள்ளையுடையது என்று நினைப்பது. அது அப்பாவுடைய போன். காலையில் அவரோடு வேலைக்குப் போய், இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும். அதற்குள் அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும். அக்கா, தம்பி இருவருக்கும் அந்த ஒரு போன்தான். அதில் நாற்பது நிமிட வீடியோவை அனுப்பி, ‘நாளைக்குள் பார்த்துவிட்டு வா’ என்றால் எப்படி முடியும்? ஐந்து நிமிட வாய்ஸ் மெசேஜும், வெளிச்சத்தில் தெளிவாக எடுத்த ஒரு பக்கப் படமும் போதும். முடிக்க இரண்டு நாள் அவகாசம் கொடுங்கள். 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி ஊரடங்கில் கைகொடுத்ததற்குக் காரணமும் இதுதான்: பாடம் பார்க்க இன்டர்நெட் தேவைப்படவில்லை.

‘உள்ளேன் ஐயா’ என்று சாட்டில் வந்துவிட்டால் பாடம் புரிந்துவிட்டது என்று கணக்கு வைப்பதும் வேண்டாம். கேமராவைப் போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். ஒற்றை அறை வீட்டுப் பிள்ளைக்கு அது கூச்சம்.

வகுப்பறையில் ஸ்மார்ட் போர்டு மாட்டி வீடியோ ஓடவிட்டால் கலப்புமுறைக் கற்றல், அதாவது இணையவழிப் பாடமும் நேரடி வகுப்பும் சேர்ந்த கற்றல், ஆகிவிடும் என்ற நினைப்பும் பரவலாக இருக்கிறது. அது மட்டும் போதாது. வீடியோவில் சொல்லக்கூடியதை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வகுப்பு நேரத்தைப் பிள்ளைகளின் கைக்குக் கொடுக்க வேண்டும். மின்சுற்றுப் பாடம் என்றால் பேட்டரி, ஒயர், சின்ன பல்பு கொடுத்து எரியவைக்கச் சொல்லுங்கள். யாருக்கு எரியவில்லையோ, அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார அப்போதுதான் ஆசிரியருக்கு நேரம் கிடைக்கும்.