டிஸ்க் தெரியவில்லை என்கிற விண்டோஸ் செட்டப்: பென்டிரைவிலேயே ஸ்டோரேஜ் டிரைவரைச் சேர்ப்பது எப்படி?

லேப்டாப்பில் விண்டோஸ் ஏற்ற உட்காருகிறீர்கள். மொழி, பதிப்பு எல்லாம் கேட்டு முடித்து, எந்த டிஸ்கில் ஏற்றவேண்டும் என்ற திரைக்கு வந்தால் பட்டியல் காலி. டிரைவ் எதுவும் கிடைக்கவில்லை, ஸ்டோரேஜ் டிரைவர் வேண்டுமென்றால் 'லோட் டிரைவர்' அழுத்துங்கள் என்று ஒரே ஒரு வரி நிற்கிறது. எஸ்எஸ்டி போய்விட்டது என்று நினைத்துப் புதிது வாங்கப் புறப்படாதீர்கள். பயாஸுக்குள் (விண்டோஸ் எழும்முன் ஓடும் லேப்டாப்பின் அமைப்புத் திரை) போய்ப் பாருங்கள், பெரும்பாலும் அங்கே பெயரோடு இருக்கும்.

இன்டெல் 11-ஆம் தலைமுறை பிராசஸரிலிருந்து பல லேப்டாப்கள் விஎம்டி, அதாவது வால்யூம் மேனேஜ்மென்ட் டிவைஸ், என்ற வசதியை ஆன் செய்தே வருகின்றன. சாதாரண என்விஎம்இ எஸ்எஸ்டிக்கு வேண்டிய டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது. விஎம்டி ஆனில் இருந்தால் எஸ்எஸ்டி அந்த கன்ட்ரோலருக்குப் பின்னால் போய்விடுகிறது. கன்ட்ரோலரிடம் பேச இன்டெல் ஆர்எஸ்டி, அதாவது ராபிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜி, டிரைவர் வேண்டும். செட்டப்பிடம் அது இல்லை. விஷயம் இவ்வளவுதான்.

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் இதற்குச் சொல்லப்படும் வைத்தியம் ஒன்று உண்டு. "பயாஸில் விஎம்டியை ஆஃப் பண்ணு மக்கா, தன்னாலே தெரியும்." தெரியும், உண்மைதான். சில மாடல்களில் அந்த வரியே மறைந்திருக்கும். ஏசர் லேப்டாப்கள் பலவற்றில் பயாஸின் மெயின் பக்கத்தில் கன்ட்ரோல்-எஸ் அழுத்தினால்தான் கண்ணில் படும். ஆனால் இந்த வழியை நான் பரிந்துரைப்பதில்லை. ஆஃப் செய்து விண்டோஸ் ஏற்றிய லேப்டாப்பில் பிற்பாடு பயாஸ் அப்டேட்டோ ரீசெட்டோ நடந்து விஎம்டி பழையபடி ஆன் ஆகிவிட்டால், உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு டிரைவர் இல்லாமல் நீலத்திரை வரும். வளைகுடாவிலிருந்து லீவுக்கு வந்த அண்ணன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன லேப்டாப்பை வைத்துப் படிக்கிற பிள்ளை, பரீட்சைக்கு முந்தின நாள் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது. டிரைவரை உள்ளேயே சேர்த்துவிட்டால் அந்தப் பயமே இல்லை.

எக்ஸ்பி காலத்திலும் இதே சிக்கல் இருந்தது. எஃப்6 அழுத்தி ஃபிளாப்பி வைக்கவேண்டும், அல்லது என்லைட் மென்பொருளால் சாட்டா டிரைவரைச் சேர்த்து சிடி எழுதவேண்டும். இப்போது சிடிக்குப் பதில் பென்டிரைவ், என்லைட்டுக்குப் பதில் டிஸ்ம். டிஸ்ம் விண்டோஸோடு வரும் கருவி. அழகான பட்டன்கள் உள்ள மென்பொருள்கள் வேறு இருக்கின்றன. இருந்தாலும் எனக்கு டிஸ்ம்தான் பிடிக்கும். எதையும் இறக்கவேண்டாம், என்ன தவறு என்று எண்ணோடு சொல்லும், பதிவுக் கோப்பும் எழுதி வைக்கும்.

ஒரு குறிப்பு: கட்டளைகளை நாம் வாயால் சொல்வது போலத் தமிழ் எழுத்தில் தருகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்திருக்க வேண்டும்.

முதலில் சரியான டிரைவர்

அந்த லேப்டாப்பில் பழைய விண்டோஸ் இன்னும் ஓடுகிறதா? அப்படியென்றால் அதைவிட நல்ல இடம் வேறில்லை. ஃபார்மட் செய்வதற்கு முன் அதிலேயே இதைத் தட்டுங்கள்:

பிஎன்பியூட்டில் /எக்ஸ்போர்ட்-டிரைவர் * டி:\டிரைவர்ஸ்

டி:\டிரைவர்ஸ் ஃபோல்டரை முன்பே உருவாக்கி வையுங்கள். நீங்கள் அல்லது கம்பெனி சேர்த்த டிரைவர் எல்லாம் தனித்தனி ஃபோல்டராக அங்கே வந்துவிடும். ஐஏஸ்டோர்விடி என்று தொடங்கும் ஃபோல்டர்தான் நமக்கு வேண்டியது, அதை டி:\டிரைவ் என்ற ஃபோல்டருக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அந்த லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருந்த அதே டிரைவர் என்பதால் பொருந்துமா என்ற சந்தேகமே வேண்டாம். வைஃபை டிரைவரும் இதே குவியலில் கிடைக்கும், அதையும் தனியாக எடுத்து வையுங்கள். விண்டோஸ் 11 ஏற்றும்போது நெட் கேட்கும், வைஃபை தெரியாமல் அங்கே இன்னொரு முறை நிற்க வேண்டாம்.

பழைய விண்டோஸ் ஓடவில்லை என்றால் லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடல் பக்கத்திலோ இன்டெல் தளத்திலோ ஆர்எஸ்டி டிரைவரை இறக்குங்கள். எந்தத் தலைமுறைக்கு எது என்று பக்கத்திலேயே போட்டிருக்கும், படித்துவிட்டு இறக்குங்கள். 11-ஆம் தலைமுறைக்கு 19 வரிசை. எண் பெரிதாக இருக்கிறதே, புதிதுதானே என்று 20 வரிசையை எடுத்தால் அந்த லேப்டாப்பில் டிஸ்க் தெரியாது.

இறக்கியது செட்டப்ஆர்எஸ்டி என்ற எக்ஸ்இ கோப்பாக இருக்கும். அதை அப்படியே பென்டிரைவில் போட்டால் பயனில்லை. செட்டப்புக்கு வேண்டியது உள்ளே இருக்கும் ஐஎன்எஃப், எஸ்ஒய்எஸ், கேட் கோப்புகள். பிரித்தெடுக்க:

செட்டப்ஆர்எஸ்டி.எக்ஸ்இ -எக்ஸ்ட்ராக்ட்டிரைவர்ஸ் டி:\ஆர்எஸ்டி

உள்ளே புரொடக்‌ஷன் என்று தொடங்கி ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போகும். கடைசியில் விஎம்டி என்று ஒன்று இருக்கும். அதை முழுசாக டி:\டிரைவ் என்ற ஃபோல்டருக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஐஎன்எஃப் மட்டும் போதும் என்று மற்றதைக் கழிக்காதீர்கள். கேட் கோப்பில்தான் டிரைவரின் கையெழுத்து இருக்கிறது, அது இல்லாவிட்டால் 64 பிட் விண்டோஸ் டிரைவரை ஏற்காது.

பென்டிரைவும் கோப்புகளும்

மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓவை, அதாவது விண்டோஸ் செட்டப் முழுவதும் அடங்கிய ஒற்றைக் கோப்பை, நேரடியாக இறக்கி, ரூஃபஸ் என்ற மென்பொருளை வைத்துப் பென்டிரைவ் செய்யுங்கள். பார்ட்டிஷன் ஜிபிடி, ஃபைல் சிஸ்டம் என்டிஎஃப்எஸ். ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகக்கூடாது, நாம் தயாரிக்கப் போகும் இன்ஸ்டால்.விம் (விண்டோஸை அடக்கி வைத்திருக்கும் கோப்பு) அதைத் தாண்டிவிடும். புதிதாக ஐஎஸ்ஓ கட்டிக்கொண்டிருக்க வேண்டாம். பென்டிரைவ் தயாரானபின் அதில் இரண்டு கோப்புகளை மட்டும் மாற்றினால் போதும்.

அந்த இரண்டும் சோர்ஸஸ் ஃபோல்டரில் இருக்கின்றன: பூட்.விம், இன்ஸ்டால்.விம். ஐஎஸ்ஓவை இருமுறை கிளிக் செய்து திறந்து, இரண்டையும் ஹார்ட் டிஸ்கில் டி:\வின் என்ற ஃபோல்டருக்கு நகலெடுங்கள். டி:\மவுன்ட் என்று ஒரு காலி ஃபோல்டரும் வேண்டும். 20 ஜிபியாவது காலி இடம் வைத்துக்கொள்ளுங்கள். வேலையைப் பென்டிரைவிலேயே செய்யப் பார்க்காதீர்கள், நேரம் இழுக்கும்.

ஐஎஸ்ஓவிலிருந்து வந்த கோப்புக்கு ரீட்-ஒன்லி குறி ஒட்டிக்கொண்டு வரும். இரண்டு கோப்புக்கும் ப்ராப்பர்ட்டிஸ் திறந்து அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் மவுன்ட் செய்யும்போது, அதாவது விம்முக்குள் இருப்பதை ஒரு ஃபோல்டரில் விரித்துத் திறக்கும்போது, 0xc1510111 என்ற பிழை வரும். அனுமதி இல்லை என்று அது சொல்வதைப் படித்துவிட்டு அட்மின் உரிமையில் ஏதோ கோளாறு என்று தேடிக்கொண்டிருப்பார்கள். இந்த டிக்தான் காரணம்.

பூட்.விம்

செட்டப் திரை பூட்.விம்மிலிருந்து எழுகிறது. அதற்குள் இரண்டு பகுதிகள்: 1 வெறும் விண்டோஸ் பிஇ (ஏற்றவும் பழுது பார்க்கவும் உதவும் குட்டி விண்டோஸ்), 2 விண்டோஸ் செட்டப். பென்டிரைவில் பூட் ஆவது 2. அதனால் கட்டளையில் இண்டெக்ஸ், அதாவது பகுதி எண், 2 என்றே கொடுக்கவேண்டும்.

டிஸ்ம் /மவுன்ட்-இமேஜ் /இமேஜ்ஃபைல்:டி:\வின்\பூட்.விம் /இண்டெக்ஸ்:2 /மவுன்ட்டிர்:டி:\மவுன்ட்

டிஸ்ம் /இமேஜ்:டி:\மவுன்ட் /ஆட்-டிரைவர் /டிரைவர்:டி:\டிரைவ் /ரிகர்ஸ்

டிஸ்ம் /இமேஜ்:டி:\மவுன்ட் /கெட்-டிரைவர்ஸ்

மூன்றாவது கட்டளையை விட்டுவிடாதீர்கள். ஓஇஎம்0.ஐஎன்எஃப் என்ற பெயரில் ஒரு வரி வந்து, அதன் அசல் பெயர் ஐஏஸ்டோர்விடி என்று காட்டினால் டிரைவர் உள்ளே உட்கார்ந்துவிட்டது. சில தொகுப்புகளில் கூடவே வரும் துணைக் கோப்புகளுக்கும் வரிகள் வரும், பரவாயில்லை.

இனி மாற்றத்தைச் சேமித்து (அதுதான் கமிட்) மூடவேண்டும்:

டிஸ்ம் /அன்மவுன்ட்-இமேஜ் /மவுன்ட்டிர்:டி:\மவுன்ட் /கமிட்

நிறையப் பேர் மாட்டிக்கொள்கிற இடம் இந்தக் கட்டளை. எனக்கும் அதிக நேரம் தின்றது இதுதான். கமிட் ஓடி முடியும் தறுவாயில் 0xc1420117 என்று வந்து நிற்கும். மவுன்ட் ஃபோல்டரை ஏதோ ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறது, முழுசாக மூட முடியவில்லை என்று பொருள். டிரைவர் உள்ளே போனதா பார்ப்போம் என்று எக்ஸ்புளோரரில் டி:\மவுன்ட்டைத் திறந்து வைத்திருப்போம், அது ஒரு காரணம். கமாண்ட் பிராம்ப்டே அந்த ஃபோல்டருக்குள் நிற்பது இன்னொன்று. மூன்றாவது ஆன்டிவைரஸ். ஆயிரக்கணக்கான கோப்புகள் திடீரென்று தோன்றியதும் அது ஒவ்வொன்றாகச் சோதிக்க ஆரம்பித்துவிடும். அதனால் வேலை தொடங்குமுன்பே டி:\மவுன்ட்டை ஆன்டிவைரஸின் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். கமிட் கொடுக்கும்முன் எக்ஸ்புளோரர் ஜன்னல்களை மூடுங்கள், கமாண்ட் பிராம்ப்டில் சிடி /டி சி:\ என்று தட்டி வெளியே வந்துவிடுங்கள்.

பிழை வந்தே விட்டது என்றால் பதறி ஃபோல்டரை டெலிட் செய்யாதீர்கள். பிடித்திருப்பதை மூடிவிட்டு அதே அன்மவுன்ட் கட்டளையைத் திரும்பக் கொடுங்கள். அப்போதும் மறுத்தால் கமிட் இருந்த இடத்தில் டிஸ்கார்ட் (சேமிக்காமல் மூடு) என்று கொடுத்து மூடி, பிறகு டிஸ்ம் /கிளீனப்-மவுன்ட்பாயின்ட்ஸ் ஓட்டுங்கள். அப்புறம் பூட்.விம்மைத் திரும்ப மவுன்ட் செய்து கெட்-டிரைவர்ஸ் பாருங்கள். பல நேரம் டிரைவர் ஏற்கெனவே சேமிக்கப்பட்டிருக்கும். இல்லையென்றால் ஐஎஸ்ஓவிலிருந்து புது நகல் எடுத்து முதலிலிருந்து செய்வதுதான் நல்லது.

கரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனி ஆடி மழையும் ஐப்பசி மழையும் இரண்டும் பெய்கிற மாவட்டம் நம்முடையது. கமிட் பாதியில் கரண்ட் போனால் விம் கோப்பு கெட்டுப்போகலாம். யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பை விட பேட்டரி நிற்கிற லேப்டாப்பில் இந்த வேலையைச் செய்யுங்கள்.

இன்ஸ்டால்.விம்

பூட்.விம்மில் சேர்த்ததும் செட்டப்பில் டிஸ்க் தெரியும், அதோடு முடிந்தது என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். டிஸ்கில் ஏறப்போகும் விண்டோஸ் இன்ஸ்டால்.விம்முக்குள் இருக்கிறது. அதற்கும் டிரைவர் இருந்தால்தான் முதல் ரீஸ்டார்ட்டில் 'இனாக்ஸஸிபிள் பூட் டிவைஸ்' என்ற நீலத்திரை வருமோ என்று கவலைப்படாமல் இருக்கலாம்.

இதற்குள் ஹோம், ஹோம் சிங்கிள் லாங்குவேஜ், ப்ரோ என்று பல பதிப்புகள் உண்டு. எந்த எண்ணில் எது என்று பார்க்க:

டிஸ்ம் /கெட்-விம்இன்ஃபோ /விம்ஃபைல்:டி:\வின்\இன்ஸ்டால்.விம்

நம் ஊரில் விற்கும் லேப்டாப்களில் பெரும்பாலும் ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்தான். லைசென்ஸ் பயாஸிலேயே இருப்பதால் செட்டப் கேட்காமலே அந்தப் பதிப்பை எடுத்துக்கொள்ளும். நீங்கள் ப்ரோவில் டிரைவரைச் சேர்த்துவிட்டு உட்கார்ந்திருந்தால் ஏறுவது டிரைவர் இல்லாத இன்னொன்றாக இருக்கும். எண்ணைச் சரிபார்த்துவிட்டு, மேலே பூட்.விம்முக்குச் செய்த அதே கட்டளைகளைக் கோப்புப் பெயரும் இண்டெக்ஸும் மாற்றிச் செய்யுங்கள். தனியாக எடுத்துவைத்த வைஃபை டிரைவரையும் இங்கே சேர்த்துவிடலாம். ஸ்டோரேஜ் டிரைவர் மட்டும் இரண்டு கோப்பிலும் இருக்கவேண்டும்.

முடிந்ததும் இரண்டு கோப்புகளையும் பென்டிரைவின் சோர்ஸஸ் ஃபோல்டரில் பழையதின் மேலேயே காப்பி செய்யுங்கள். எஜெக்ட் கொடுத்துவிட்டுத்தான் பென்டிரைவை உருவவேண்டும். லேப்டாப்பில் செருகி பூட் செய்யுங்கள், இந்த முறை பட்டியலில் எஸ்எஸ்டி நிற்கும்.

சேர்த்தது

கருங்கலிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். "அண்ணே, என்கிட்ட இன்ஸ்டால்.விம் இல்ல, இன்ஸ்டால்.இஎஸ்டிதான் இருக்கு." மீடியா கிரியேஷன் டூல் வழியாகச் செய்த பென்டிரைவில் அப்படித்தான் இருக்கும். இஎஸ்டியை மவுன்ட் செய்து மாற்ற முடியாது. முதலில் விம்மாக்குங்கள்:

டிஸ்ம் /எக்ஸ்போர்ட்-இமேஜ் /சோர்ஸ்இமேஜ்ஃபைல்:டி:\வின்\இன்ஸ்டால்.இஎஸ்டி /சோர்ஸ்இண்டெக்ஸ்:1 /டெஸ்டினேஷன்இமேஜ்ஃபைல்:டி:\வின்\இன்ஸ்டால்.விம் /கம்ப்ரஸ்:மேக்ஸ்

1 இருக்கிற இடத்தில் உங்கள் பதிப்பின் எண். இப்படி எடுத்த விம்மில் ஒரே பதிப்புதான் இருக்கும், ஆகவே மவுன்ட் செய்யும்போது இண்டெக்ஸ் 1. பென்டிரைவில் விம்மை வைத்தபின் பழைய இஎஸ்டியை அழித்துவிடுங்கள். அந்த டூல் பென்டிரைவை ஃபேட்32-ஆகச் செய்திருக்கும். விம் 4 ஜிபிக்கு மேல் போனால் டிஸ்மில் ஸ்பிளிட்-இமேஜ் கொடுத்து, ஃபைல்சைஸ் 3800 என்று வைத்து எஸ்டபிள்யூஎம் துண்டுகளாக்கலாம். துண்டாக்கிய பின் டிரைவர் சேர்க்க முடியாது, சேர்த்து முடித்துவிட்டு துண்டாக்குங்கள்.

இன்னொரு கேள்வி: விண்டோஸ் நன்றாக ஓடுகிறது, ஆனால் ரிப்பேருக்காக ரெக்கவரி திரைக்குப் போனால் அங்கே டிஸ்க் இல்லை. ரெக்கவரி ஓடுவது வின்ஆர்இ.விம் என்ற மூன்றாவது கோப்பிலிருந்து. அது இன்ஸ்டால்.விம்முக்குள்ளேயே, விண்டோஸ், சிஸ்டம்32, ரெக்கவரி என்ற பாதையில் மறைந்து இருக்கிறது. இன்ஸ்டால்.விம் மவுன்ட் ஆகியிருக்கும்போதே அதை டி:\மவுன்ட்2 என்ற இன்னொரு காலி ஃபோல்டரில் மவுன்ட் செய்து, இண்டெக்ஸ் 1-இல் ஸ்டோரேஜ் டிரைவரை மட்டும் சேர்த்து, கமிட் கொடுத்து மூடுங்கள். உள்ளே இருப்பதை மூடிய பிறகே இன்ஸ்டால்.விம்மை மூடவேண்டும்.

விஎம்டியை ஏற்கெனவே ஆஃப் செய்து விண்டோஸ் ஏற்றிவிட்டவர்கள் இதைப் படித்துவிட்டு உடனே போய் ஆன் செய்ய வேண்டாம், விண்டோஸ் எழும்பாது. பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) ஆனில் இருந்தால் ரெக்கவரி கீயும் கேட்கக்கூடும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தக் கீ இருக்கிறதா என்று பார்த்து எழுதி வையுங்கள். அடுத்த முறை ஃபார்மட் செய்யும் நாளில் விஎம்டியை ஆன் செய்து, இந்தப் பென்டிரைவால் ஏற்றிக்கொள்ளலாம்.