உப்புக்காற்று தின்ற துவக்கு

மருமகனின் பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டுத் துவக்கு கறுப்புத் தேய்ந்து வெளிறிக் கிடந்தது. மார்கழி மழைக்குள்ளேயே ஸ்பிரே அடித்தேன்; ஈரக்காற்றில் பூச்சு பால்போல் வெளுத்துவிட்டது. திருகோணமலை உப்புவெளியில் கடற்கரையோர வீடு வேறு, தொட்டதெல்லாம் உப்புப் பிசுக்கு.

பங்குனி வெயில் வரும்வரை பொறுத்தேன். கழற்றி, சவர்க்காரம் போட்டுக் கழுவி, காயவிட்டு, 400 நம்பர் சான்ட்பேப்பரால் மினுக்கம் போகத் தேய்த்தேன். பிளாஸ்டிக்குக்கென்றே உள்ள பிரைமரை, அதாவது அடிப்பூச்சை, முதலில் அடிக்காவிட்டால் நகம் பட்டாலே உரியும். பிறகு நிற ஸ்பிரேயை 25 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடித்து, மெல்லிசாக 3 தரம், இடையிடையே 15 நிமிடம். அவசரப்பட்டால் வழியும்.

முனையின் செம்மஞ்சளுக்கு மட்டும் டேப் ஒட்டி அப்படியே விட்டேன். தூரத்தில் நிற்பவருக்கு இது விளையாட்டுச் சாமான் என்று தெரிய வேண்டாமா?

அக்காதான் இன்னும் விறாந்தை மணக்குது என்கிறா.