அகரத்தை ஒத்திவைத்தேன்

கோலாலம்பூர், செந்தூலில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டில், பாலர் பள்ளிக்கு அனுப்புமுன் நான்கு வயது மகனுக்கு நானே தமிழெழுத்தைக் கற்பிக்க முற்பட்டு, முதல் மாதத்திலேயே தோற்றேன். நாள்தோறும் ஒரு மணி நேரம் உட்கார வைத்து ‘அ’வை எழுதச் சொன்னேன், அவனோ பென்சிலைக் கண்டாலே மேசைக்கடியில் ஒளிந்துகொண்டான்.

குறை பிள்ளையிடம் இல்லை. சுழியும் வளைவும் நிறைந்த ‘அ’, தமிழ் நெடுங்கணக்கின் 247 எழுத்துகளில் முதலாவதாக நிற்கலாம். பிஞ்சு விரல்களுக்கு அது எளிதானதன்று. ஆகவே வரிசையை மாற்றினேன். இரண்டே நேர்க்கோடுகளாலான ‘ட’, மூன்று கோடுகளாலான ‘ப’, அதன் வலப்பக்கத்தை உள்நோக்கி வளைத்தால் கிடைக்கும் ‘ம’ ஆகியவற்றைத் தாம்பாளத்தில் பரப்பிய அரிசியில் விரலால் எழுத வைத்தேன். புள்ளியையும் அறிமுகப்படுத்தியதும் ‘படம்’, ‘பட்டம்’, ‘மடம்’ என்று சொற்களையே அவன் வாசிக்கத் தொடங்கியது எனக்கே வியப்பாக இருந்தது.

பாடநேரத்தைப் பதினைந்து நிமிடமாகக் குறைத்தேன். விரல்களுக்கு வலுவேறட்டும் என்று சமையலறையில் தவ்கே எனப்படும் பயற்றுமுளையின் வாலைக் கிள்ளவும் மாவு உருட்டவும் விட்டேன். (பாதித் தவ்கே தரையில்தான் கிடந்தது; மாமியார் பொறுத்துக்கொண்டார்.) ஏறக்குறைய இரண்டு மாதங்களில் பென்சிலைத் தானே கேட்டு வாங்கினான்.

‘அ’ இப்போது வந்துவிட்டது. ‘ட’வைப் பார்த்து ஆங்கில ‘எல்’ என்பதை மட்டும் இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறேன்.