காயத்தை வரைய அவசரப்படாதீர்கள்

விபத்துக்குப் பிறகு வீடு திரும்பிய மூன்றாம் வாரம் அது. இரவு பதினொரு மணிக்கு வாட்டர்கலர் பெட்டியைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன். பஸ் கவிழ்ந்த கணத்தை அப்படியே தாளில் இறக்கிவிட்டால் நெஞ்சு லேசாகிவிடும் என்று நம்பினேன். ஈரத்தாளில் வைத்த சிவப்பு நான் நினைத்த இடத்தில் நிற்காமல் ஓடியது. அது பரவப் பரவ, கண்ணாடி நொறுங்கும் ஓசை காதுக்குள் கேட்டது. அறைக்குள் டீசல் வாடை வந்தது. அடுத்த நான்கு இரவுகள் தூக்கமில்லை. வரைவது எனக்கு ஆகாது என்று முடிவுகட்டிப் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டேன். ஒன்றரை ஆண்டு கழித்து ஒரு மனநல ஆலோசகரிடம் இதைச் சொன்னபோதுதான், அந்த ஒரே இரவில் எத்தனை தவறுகளைச் சேர்த்துச் செய்திருக்கிறேன் என்று தெரிந்தது. வேறு யாரும் அப்படிச் சூடுபட்டு வரைவதையே விட்டுவிடக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

“மனதில் இருப்பதைக் கொட்டிவிடு, பாரம் குறையும்” என்று நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். அன்றாடத் துயரத்துக்கு அது நல்ல யோசனைதான். பேரதிர்ச்சி மனதில் விட்டுச்செல்லும் காயத்துக்கு, அதாவது மனவடுவுக்கு, அது பொருந்துவதில்லை. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய தயா சோமசுந்தரம் போன்ற மனநல மருத்துவர்களின் எழுத்தில் பழகிய சொல், மனவடு. நடந்து முடிந்த ஒன்றாக அந்தச் சம்பவத்தின் நினைவு மனதில் அடங்கிக் கிடக்காது. ஓசையாக, வாடையாக, தோலில் படும் சூடாகத் துண்டுதுண்டாக வந்து, இதோ இப்போது நடக்கிறது என்று உடலை நம்பவைக்கும். அப்படி அது மேலெழும் வேளையில் மூளையில் பேச்சுக்குரிய பகுதியின் இயக்கம் குறைவதை 1990-களில் செய்த ஸ்கேன் ஆய்வுகள் காட்டின. வாய் அடைத்துப்போகிறவருக்கு வண்ணமும் வடிவமும் உதவக்கூடும் என்று சொல்வதற்கு இது ஒரு காரணம். அதே காரணத்தால் வண்ணம் ஒருவரைத் தயாராகும் முன்பே அந்த இடத்துக்கு இழுத்துக்கொண்டும் போய்விடும்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விபத்தோ, வன்முறையோ, கடல் புகுந்த காலையோ, எதுவும் நம்மிடம் சம்மதம் கேட்டு வரவில்லை. எதை வரைவது, எதைக்கொண்டு வரைவது, யாரிடம் காட்டுவது, எப்போது நிறுத்துவது என்ற முடிவுகள் பாதிக்கப்பட்டவரின் கையில் இருக்கும்வரை ஓவியம் மருந்தாகிறது. கீழே சொல்லப்போகும் தவறுகள் எல்லாம் அந்த முடிவுகளை அவரிடமிருந்து மறுபடி பறிப்பவை.

முதல் நாளே சம்பவத்தை வரைவது

மிகப் பரவலான தவறு இதுதான். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் முதல் இலங்கையின் கிழக்குக் கரை வரை உதவ வந்தவர்களில் சிலர், குழந்தைகளை உட்காரவைத்துக் கிரேயானைக் கொடுத்து, அலையை வரையச் சொன்னார்கள். நல்ல மனதோடுதான் செய்தார்கள். ஆனால் தாளையும் கிரேயானையும் எடுத்துக்கொண்டு அவர்கள் ஊர் திரும்பிய பிறகு, அந்த இரவைக் கடந்தது அந்தக் குழந்தை மட்டுமே. பேரிடர் முடிந்த கையோடு, நடந்ததை எல்லாம் ஒரே அமர்வில் சொல்லவைக்கும் முறையை உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. பேச்சுக்குச் சொன்னதுதான் தூரிகைக்கும்.

இரண்டாம் உலகப் போரின்போது செக் மண்ணில் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த டெரசின் முகாமில் நடந்ததைப் பாருங்கள். ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் படித்த ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவியர், 1942 டிசம்பரில் நாஜிகளால் அங்கே அடைக்கப்பட்டார். முகாமிலிருந்த யூதக் குழந்தைகளுக்கு மறைவாக ஓவியம் கற்றுக்கொடுத்தார். மரண முகாம்களுக்கு வண்டிகள் புறப்படும் இடத்தில் இருந்துகொண்டு அந்தக் குழந்தைகள் பெரும்பாலும் எதை வரைந்தார்கள் தெரியுமா? பூக்கள், வீடுகள், மேசைமேல் வைத்த பொருள்கள், தாளத்துக்கேற்பக் கை போடும் கோடுகள், பழைய அலுவலகத் தாள்களை வெட்டி ஒட்டிய படங்கள். முகாமின் கொடுமையைக் காட்டும் படங்களும் உண்டு. ஆனால் அவற்றைக் கேட்டு வாங்கவில்லை அவர். 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸ் மரண முகாமில் அவர் கொல்லப்பட்டார். இரண்டு பெட்டிகளில் அவர் பத்திரப்படுத்திய சுமார் 4,500 ஓவியங்கள் இன்று பிராகில் உள்ள யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. முன்பே அவரிடம் பயின்று, 1938-இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்த எடித் கிராமர், கலைவழிச் சிகிச்சை என்ற துறையை அங்கே நிறுவியவர்களுள் ஒருவரானார்.

மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன், மனவடுவிலிருந்து மீளும் படிகளாக 1992-இல் எழுதிய வரிசையும் இதையே சொல்கிறது: முதலில் பாதுகாப்பு, அதன் பிறகு நினைவுகூர்வதும் துக்கம் காப்பதும், கடைசியில் மனிதர்களோடு மறுபடி சேர்வது. ஆகவே முதல் மாதங்களில் சன்னலுக்கு வெளியே தெரியும் முருங்கை மரத்தை வரையுங்கள். பாட்டி வீட்டுத் திண்ணையை வரையுங்கள். ஒரே வண்ணத்தில் கட்டம் கட்டமாக நிரப்புங்கள். மட்டக்களப்பில் 1996-இல், போர் நடந்துகொண்டிருந்தபோதே குழந்தைகளுக்காகத் தொடங்கிய ‘வண்ணத்துப்பூச்சிப் பூங்கா’ என்ற இடத்தில் தமிழ்க் குழந்தைகளும் முஸ்லிம் குழந்தைகளும் வாரந்தோறும் வந்து மண்ணும் வண்ணமும் கதையும் ஆட்டமுமாக மாதக்கணக்கில் ஒன்றாக இருந்தார்கள். அந்த மாதக்கணக்குதான் ஒரு நாள் முகாமால் தர முடியாதது.

பொருளைத் தேர்வதில் வரும் பிழை

கடையில் கிடைத்ததை வாங்கி வந்து ஆரம்பிக்கிறோம். பொருளுக்கும் மனநிலைக்கும் உள்ள உறவைக் கலைவழிச் சிகிச்சையாளர்கள் 1978 முதல் ஒரு வரிசையாகவே வகுத்து வைத்திருக்கிறார்கள். நீர் மிகுந்த பொருள்கள், அதாவது வாட்டர்கலர், விரலால் பூசும் வண்ணம், குழைந்த களிமண் ஆகியவை உணர்ச்சியை எளிதாக இளக்கும், கட்டுக்குள் நிற்காது. பென்சில், கலர் பென்சில், கத்தரித்து ஒட்டும் தாள் போன்றவை கைக்கு எதிர்ப்புக் கொடுக்கும்; கோடு போட்ட இடத்தில் நிற்கும். உணர்ச்சி மரத்துப்போய் எதுவுமே தோன்றாமல் இருப்பவருக்கு நீர்வண்ணம் ஒருநாள் உதவக்கூடும். எதைத் தொட்டாலும் பொங்கிவிடுகிறவர் பென்சிலில் தொடங்குவதே நல்லது. நான் அன்றிரவு நேர்மாறாகச் செய்திருந்தேன்.

தாளின் அளவையும் கவனியுங்கள். உள்ளங்கை அகலத் தாள் போதும். அதிலும் முதலில் நான்கு பக்கமும் ஒரு கட்டம் போட்டுக்கொண்டு அதற்குள் வரைந்தால், வரைவது எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியும். வாடையை மறந்துவிடாதீர்கள். நம் வீடுகளில் எனாமல் பெயின்ட் தோய்ந்த தூரிகையை மண்ணெண்ணெயில் கழுவுவோம். தீக்காயம் பட்டவருக்கும் சாலை விபத்தில் தப்பியவருக்கும் அந்த ஒரு வாடை போதும், அந்த நாள் திரும்பிவரும். உடல்மீதான வன்முறைக்கு ஆளான சிலருக்கு ஈரக் களிமண் விரலில் ஒட்டுவதே தாங்காது. “மண்ணைப் பிசைந்தால் நல்லது” என்று யாரையும் வற்புறுத்த வேண்டாம்.

எனக்குக் கைகொடுத்தது கோலம். வரைவதை விட்டிருந்த அந்த ஒன்றரை ஆண்டில், அம்மா ஒருநாள் காலையில் மாவுக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி, “நீ புள்ளி மட்டும் வை, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். ஐந்துக்கு ஐந்து புள்ளி. கோடு எங்கே போக வேண்டும் என்று புள்ளியே சொல்லிவிடும். சிக்குக் கோலத்தில் எத்தனை வளைவு சுற்றினாலும் இழை புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர்ந்துவிடும். மாலைக்குள் காலடிகளில் அழிந்தும் போகும். யாரும் அதைப் பார்த்து எதையும் கேட்க மாட்டார்கள். எல்லோருக்கும் கோலம் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. எல்லை உள்ள, திரும்பத் திரும்பச் செய்யும் ஒரு கைவேலை உங்கள் வீட்டிலும் இருக்கும். அதைத் தேடிப் பாருங்கள்.

அழகு பார்ப்பது

“எனக்கு வரைய வராது” என்பதில் தொடங்கி, “இன்னும் கொஞ்சம் திருத்தமாகப் போட்டிருக்கலாம்” என்பதுவரை எல்லாம் இதில் அடக்கம். அமெரிக்காவில் கிரிஜா கைமல் குழுவினர் 2016-இல் வெளியிட்ட சிறிய ஆய்வில் 39 பேர் 45 நிமிடம் கலைவேலை செய்தார்கள். அவர்களில் ஏறக்குறைய முக்கால் பேருக்கு, மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்டிசால் சுரப்பு உமிழ்நீரில் குறைந்திருந்தது. முன் அனுபவம் உள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடு அதில் தெரியவில்லை. இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச எதுவுமில்லை.

பிறர் செய்யும் தவறுகள்

குழந்தை கறுப்பு வண்ணத்தை எடுத்தால் வீடே கலங்கிவிடுகிறது. பெட்டியில் மீதமிருந்தது கறுப்பு மட்டும்தானா என்று முதலில் பாருங்கள். ஒரு வண்ணத்துக்கு ஒரு நோய் என்று பொருத்திச் சொல்லும் பட்டியல்கள் எதையும் நம்பாதீர்கள். “இது அப்பாதானே? ஏன் அப்பாவுக்குக் கை இல்லை?” என்று கேட்டால், குழந்தை அடுத்த படத்தை உங்களுக்குப் பிடித்த மாதிரி வரையும், அல்லது வரையவே வரையாது. “இதைப் பற்றிச் சொல்ல வேண்டும்போல இருந்தால் சொல்லு கண்ணா” என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். அது சொல்லாவிட்டாலும் கூடவே இருங்கள்.

அதைவிட என்னைக் கோபப்படுத்துவது, படத்தை உடனே செல்பேசியில் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதும், நன்கொடை கேட்கும் அட்டையில் அச்சடிப்பதும். அந்தப் படம் ஒருவரின் மருத்துவக் குறிப்பைப் போன்றது. டெரசின் முகாமில் ஃப்ரீடல் ஒவ்வொரு தாளிலும் குழந்தைகளைத் தம் பெயரை எழுதவைத்தார். மனிதர்கள் வெறும் எண்களாக்கப்பட்ட இடத்தில் அது அவர்களின் உரிமை. இன்னொருவருக்குப் பெயரில்லாமல் அலமாரியில் பூட்டி வைப்பது உரிமை. காட்டச் சம்மதித்தவர் அடுத்த வாரம் வேண்டாம் என்றால் அதையும் ஏற்க வேண்டும். கிழித்தும் எரித்தும் “விடைகொடுக்க” யாரையும் தூண்டாதீர்கள். அவராக நினைத்தால் செய்யட்டும். பலருக்கு ஒரு வருடம் கழித்து அந்தத் தாள் தேவைப்படுகிறது.

முடிக்காமல் எழுந்துபோவது

பகலில் வரையுங்கள். இருபது நிமிடத்துக்கு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். இடையிலேயே மூச்சு மேலோட்டமாகிவிட்டாலோ, விரல் மரத்துப்போனாலோ, இல்லாத வாடை வந்தாலோ, எவ்வளவு நேரம் போனது என்றே தெரியாவிட்டாலோ உடனே தூரிகையைக் கீழே வையுங்கள். படம் பாதியில் நிற்கட்டும். பாதத்தைத் தரையில் அழுத்தி ஊன்றுங்கள். குளிர்ந்த நீரில் முகம் கழுவுங்கள். கண்ணில் படும் ஐந்து பொருள்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு படத்தை உறையில் போட்டு, பின்னால் தேதி எழுதி, மூடி வையுங்கள். அடுத்து செய்யப்போகும் வேலையையும் முன்னாலேயே தீர்மானித்து வைத்திருங்கள்: காய் நறுக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, தெருமுனைவரை நடப்பது. படத்திலிருந்து நேராகப் படுக்கைக்குப் போகக் கூடாது.

இதுவே போதும் என்று நினைப்பது

கலைவழிச் சிகிச்சை என்ற சொல்லை 1942-இல் உருவாக்கிய ஆங்கில ஓவியர் ஏட்ரியன் ஹில், காசநோய்க்குச் சிகிச்சை பெற்றபடியே சானடோரியத்தில் படுத்துக்கொண்டு வரைந்தவர். வரைந்ததால் அவர் மருத்துவர்களை விட்டுவிடவில்லை. மனவடுவை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையும், கண்ணசைவைப் பயன்படுத்தும் ஈ.எம்.டி.ஆர். முறையையும் உலகச் சுகாதார நிறுவனம் 2013-இல் பரிந்துரைத்தது. அவற்றுக்கு இருக்கும் அளவு ஆய்வு ஆதாரம் கலைவழிச் சிகிச்சைக்கு இன்னும் சேரவில்லை. வீட்டில் நாமாக வரைவது பயிற்சி பெற்ற கலைவழிச் சிகிச்சையாளரோடு வரைவதற்கும் ஈடாகாது.

நினைவுகள் தினமும் குறுக்கிட்டு வேலையைக் கெடுத்தால், வாரக்கணக்கில் தூக்கமில்லாவிட்டால், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு தரம் தலைகாட்டினால்கூட, தாளை ஒதுக்கிவைத்துவிட்டு ஆளைத் தேடுங்கள். இந்தியாவில் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசியின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், இலங்கையில் அழைக்க வேண்டிய எண் 1926. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. போகும்போது வரைந்தவற்றை எடுத்துப்போக விரும்பினால் எடுத்துப்போங்கள். எல்லாவற்றையும் காட்ட வேண்டிய கட்டாயம் கிடையாது. காட்ட விரும்பாத படத்தை உறையிலேயே விட்டுவிட்டு, “இன்னொன்று இருக்கிறது, இன்று வேண்டாம்” என்று மட்டும் சொல்லுங்கள். நல்ல மருத்துவர் அதற்கு மேல் கேட்க மாட்டார்.